மூன்றாம் தண்ணீர்

தைப் பௌர்ணமிக்கு முந்தின நாள் மாலை. மலைமேல் இருந்த மடத்தின் முற்றத்தில், மடத்துக்குப் பெரியவரான வேணியம்மா மொச்சை உரித்துக்கொண்டிருந்தார். நடந்து வந்தவர்கள் அவரைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள்.

அந்த மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. அங்கே சில காலம் இருந்தவர், பெயர் துறக்க வேண்டுமானால், குமரிக் கடற்கரைக்குப் போய் அங்கிருந்து மேற்கு மலையடிவாரத்துப் பழைய பாதை வழியாகத் தனியாக நடந்து திரும்ப வேண்டும். கையில் காசு கூடாது. வண்டி ஏறக் கூடாது. யாராவது கொடுத்தால் சாப்பாடு, கொடுக்காவிட்டால் தண்ணீர். அப்படி வந்து சேர்ந்தவருக்குத் தைப் பௌர்ணமியன்று பழைய பெயர் போகும், புதுப் பெயர் வரும். அதற்கு முந்தின மாலை, வழியில் யார் தனக்கு என்ன செய்தார்கள் என்று ஒவ்வொருவரும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

ஒருவர், செங்கல் சூளையில் ஒரு பெண் தன் காலில் கிடந்த செருப்பைக் கழற்றிக் கொடுத்ததைச் சொன்னார்.

"ரெண்டு சைஸ் சின்னது அம்மா. குதிகால் வெளியே தொங்கத் தொங்க எடமலை வரைக்கும் நடந்தேன். பாக்கிறவன் எல்லாம் எங்கே திருடினேன்னு கேட்டான்."

எல்லோரும் சிரித்தார்கள். வேணியம்மாவும் சிரித்தார். பிறகு குலசேகரனைப் பார்த்தார்.

குலசேகரன் அங்கிருந்தவர்களிலேயே மூத்தவர். கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுத்தவர். வேணியம்மாவைவிடப் பதினைந்து வயதாவது பெரியவர். ஆனாலும் அவர் முன்னால் பேசும்போது மாணவனைப் போல நாக்கு உலரும்.

"எனக்கு வழியில் அம்மை போட்டது," என்றார்.

"எங்கே?"

"கம்பத்துக்கு வடக்கே, புளியந்தொழுன்னு ஒரு ஊர். மலையடிவாரம். ரோட்டோரமா ஒரு வடைக்கடை. அதோட வாசல்லயே விழுந்துட்டேன். கடைக்காரம்மா பேரு சுருளியம்மா, வீட்டுக்காரர் வைரவன். ரெண்டே பேர்தான். கடைக்குப் பின்னாலேயே வீடு. யாரு என்னன்னு கேக்கல. தூக்கிட்டுப் போய் வேப்பிலை பரப்பிப் படுக்க வெச்சாங்க. இளநீர், கூழ், வேப்பிலையால வருடிவிடறது... அம்மை இறங்கற வரைக்கும் கடையைச் சாத்திட்டாங்க."

"ஏன்?"

"அம்மை இருக்கிற வீட்டுல எண்ணெய்ச் சட்டி வைக்க மாட்டாங்களாமே. தாளிக்கவே இல்லை. சத்தமாப் பேசலை. அந்தம்மா என்னை அண்ணே, அண்ணேன்னு கூப்பிட்டாங்க. நான்தான் சொன்னேன், 'அண்ணன்னு கூப்பிடாதீங்கம்மா, எனக்கு உறவு கிடையாது'ன்னு. அதுக்கப்புறம் சாமின்னாங்க."

வேணியம்மாவின் விரல்கள் மொச்சையை உரித்துக்கொண்டே இருந்தன.

"எத்தனை தண்ணி ஊத்தினாங்க?"

"ரெண்டு."

"மூணாவது?"

"வெள்ளிக்கிழமை ஊத்தறதா இருந்தது. அதுவரைக்கும் பொறுங்கன்னாங்க. பௌர்ணமிக்கு இங்கே வந்து சேர முடியாதோன்னு எனக்குப் பயம். விடியறதுக்கு முன்னால எழுந்து கிளம்பிட்டேன்."

"சொல்லிக்கிட்டா?"

குலசேகரன் இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தார். அவருக்குள் மெல்லிய பெருமை ஒன்று ஊறியது.

"இல்லைம்மா. போய்ட்டு வர்றேன்னு சொல்லணும். திரும்பி வரப்போறதில்லை, அப்போ அது பொய். சொல்லாமப் போனா அவங்களுக்கும் பற்று அறும், எனக்கும் அறும். மூணு வருஷத்துக்கு முன்னால வீட்டை விட்டு வந்தப்பவும் அப்படித்தானே வந்தேன்? என் சம்சாரம் கோமளா தூங்கிட்டிருந்தா. கதவைச் சத்தமில்லாமச் சாத்திட்டு..."

சுற்றி இருந்தவர்களில் சிலர் தலையாட்டினார்கள். அவர் வீட்டை விட்டு வந்த கதை மடத்தில் எல்லோருக்கும் தெரியும். புதிதாக வருகிறவர்களுக்கு அதை முன்மாதிரியாக எடுத்துச் சொல்வார்கள்.

வேணியம்மா எழுந்தார்.

மடியில் இருந்த மொச்சை முழுவதும் முற்றத்தில் சிதறி உருண்டது. அவர் அதைப் பார்க்கவில்லை. நேராகச் சமையலறைக்குப் போனார். சில்லறை டப்பாவைக் கவிழ்த்து, வந்த காசைப் புடவைத் தலைப்பில் முடிந்துகொண்டு வெளியே வந்தார்.

"வாங்க," என்றார்.

"எங்கே அம்மா?"

"புளியந்தொழுவுக்கு."

குலசேகரன் பாதி எழுந்தார்.

"அம்மா, நாளைக்குப் பௌர்ணமி."

"அடுத்த வருஷமும் வரும்."

"என் பெயர்..."

"அது ஒண்ணும் கெட்டுப்போற சாமானில்லை. வாங்க."

அதற்குள் அவர் படி இறங்க ஆரம்பித்திருந்தார்.

அடிவாரத்தில் குலசேகரனுக்கு இரண்டாவது அதிர்ச்சி காத்திருந்தது. சேலம் போகும் பேருந்து வந்து நின்றது. அந்தப் பாதையில் வண்டி ஏறக் கூடாது என்று விதி வைத்திருந்தவரே முன்படியில் காலை வைத்தார்.

"அம்மா! நாம நடக்கிறவங்க!"

நடத்துனர் கதவைத் தட்டினார். "ஏறுறதா இருந்தா ஏறுங்க சார். நடக்கிறதா இருந்தா ஓரமா நடங்க."

குலசேகரன் ஏறினார்.

ஜன்னலோரம் இருந்த ஒரு பெண்ணின் மடியில் குழந்தை ஒன்று வேணியம்மாவின் தலைப்பு முடிச்சைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. அவர் இழுக்க விட்டார்.

"அம்மா," என்றார் குலசேகரன். "நான் என்ன தப்பு செஞ்சேன்?"

"தெரியலை. போய்ப் பாத்தாத்தான் தெரியும்."

"எனக்கு முழுசாக் குணமாயிடுச்சே."

"உங்களுக்கு," என்றார் வேணியம்மா.

வண்டி மாறி மாறி, மறுநாள் நண்பகலில் புளியந்தொழு நிறுத்தத்தில் இறங்கினார்கள். பாலத்துச் சுவரில் ஒருவர் உட்கார்ந்து ஆடு மேய்த்துக்கொண்டிருந்தார். குலசேகரன் நடந்து வந்தபோது தாடியும் மீசையும் முகத்தை மூடியிருந்தன. மடத்தில் முந்தின நாள் காலைதான் மழித்திருந்தார்கள். ஆட்டுக்காரருக்கு அவரை அடையாளம் தெரியவில்லை.

"வடைக்கடைக்கா? கடை இல்லீங்க. சாத்தி ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு."

"வீட்டுக்குப் போகணும்."

"அப்ப செருப்பக் கழட்டிட்டுப் போங்க. ஆத்தா இருக்கா அங்க."

தன்னிடமிருந்து யாருக்கோ ஒட்டிவிட்டது என்றுதான் குலசேகரன் முதலில் நினைத்தார். "யாருக்கு அம்மை? அந்தம்மாவுக்கா?"

"அத ஏன் கேக்குறீங்க. எவனோ ஒரு நடைச்சாமி. இவ வீட்ல அம்மையோட கெடந்தான். மூணாந் தண்ணி ஊத்தினாத்தான ஆத்தா எறங்குவா? அதுக்கு முன்னாடியே எந்திரிச்சு ஓடிட்டான். ஆளில்லாத படுக்கைக்குத் தெனமும் வேப்பிலை மாத்திக்கிட்டுக் கெடக்கா சுருளி. ஊரே சொல்லிப் பாத்துருச்சு." அவர் ஒரு ஆட்டை அதட்டினார். பிறகு சொன்னார், "நீங்க சொந்தமா? சொந்தம்னா நீங்களாச்சும் எடுத்துச் சொல்லுங்க."

வேணியம்மா செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தார்.

கடை வாசலில் அடுப்பு குளிர்ந்து கிடந்தது. வடைச் சட்டி கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. அதன் கைப்பிடியிலிருந்து சுவர் வரை சிலந்தி வலை கட்டியிருந்தது. வாசலில் நின்ற வேப்பமரத்தை அவருக்கு நினைவிருந்தது. தாழ்ந்த கிளைகளோடு குடை போல இருந்த மரம் அது. இப்போது கை எட்டும் உயரம் வரை ஒரு இலை இல்லை. அதற்கு மேல் மட்டும் பச்சை.

நிலைக் கதவின் இரண்டு பக்கமும் வேப்பிலைக் கொத்து செருகியிருந்தது. வாடவே இல்லை. அன்று காலையில் ஒடித்தது.

வாசலில் உட்கார்ந்து தொரட்டிக் கோலுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்த வைரவன் நிமிர்ந்தார். வந்தவரின் மழித்த முகத்தை உற்றுப் பார்த்தார். நெற்றியோரம் இருந்த அம்மைத் தழும்புகளைப் பார்த்தார். கோல் கையிலிருந்து விழுந்தது.

"ஏய் சுருளி! வந்துட்டாருடி! ஓடிப்போன சாமி வந்துட்டாரு!" அவர் எழுந்து நின்றார். முகம் சிவந்தது. "ஏய்யா, உனக்கு..."

"ஏங்க!" உள்ளேயிருந்து சுருளியம்மா ஓடி வந்தார். "வாய மூடுங்க. இன்னும் தண்ணி ஊத்தல. அவரத் திட்டக் கூடாது."

வைரவன் பல்லைக் கடித்தார். "சரி, ஊத்து. ஊத்தினதும் திட்டுறேன்."

"ஊத்தினதுக்குப் பெறகு என்னமும் செய்ங்க."

சுருளியம்மா குலசேகரனை மேலும் கீழும் பார்த்தார். கையைப் பார்த்தார், காலைப் பார்த்தார். ஒரு மாதத்தில் சுருளியம்மா பாதியாகியிருந்தார். எண்ணெய் காணாத தலை செம்பட்டையாகப் பறந்தது.

"உசுரோட இருக்கீங்க," என்றார்.

குலசேகரன் உள்ளே எட்டிப் பார்த்தார். அவர் படுத்த மூலையில் அதே பாய் கிடந்தது. பாய் முழுவதும் புது வேப்பிலை. தலைமாட்டில் ஒரு செம்பு. செம்பில் இளநீர்.

சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"இதை... யாருக்கும்மா?"

"உங்களுக்குத்தான் சாமி. தண்ணி ஊத்தாமப் போனவரு. காட்டுவழி. எங்க விழுந்து கெடக்கீங்களோ, அங்க இளநீ குடுக்க யாரு இருக்கா? நாம இங்க ஒழுங்கா இருந்தா ஆத்தா அங்க ஒங்கள ஒண்ணும் செய்ய மாட்டான்னு..." அவர் முடிக்கவில்லை. "உக்காருங்க. அண்டால தண்ணி வெயில்லதான் இருக்கு. தெனமும் வெக்கிறதுதான்."

முற்றத்தில் மணைப்பலகை போட்டார்கள். அண்டாவில் மஞ்சள் கரைத்து வேப்பிலை போட்ட தண்ணீர் வெயிலில் வெதுவெதுப்பாக இருந்தது. வேணியம்மா ஓரமாக, கவிழ்த்த சட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். யார் என்று அவரை யாரும் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

சுருளியம்மா செம்பில் மொண்டார்.

"கண்ண மூடிக்கங்கண்ணே," என்றவர், உடனே நாக்கைக் கடித்துக்கொண்டார். "சாமி."

முதல் செம்பு தலையில் விழுந்தது. இரண்டாவது. மூன்றாவது. கடைசிச் செம்பு விழுந்ததும் சுருளியம்மா வாயில் கையை வைத்துக் குலவை இட்டார். ஒற்றைக் குரல். கூடச் சேர யாரும் இல்லாததால் அது பாதியிலேயே நின்றது. வேணியம்மா எழுந்து சேர்ந்து குலவையிட்டார்.

சுருளியம்மா நிலைக்கதவிலிருந்து வேப்பிலையை எடுத்தார். பாயிலிருந்ததையும் அள்ளினார். எல்லாவற்றையும் ஒரு கூடையில் போட்டு மரத்தடியில் வைத்தார். கும்பிட்டார். பிறகு யாரையும் பார்க்காமல் அடுப்படிக்குள் போனார்.

குலசேகரன் ஈரத் துண்டோடு வைரவன் முன்னால் போய் நின்றார்.

"இப்போ திட்டுங்க," என்றார்.

வைரவன் அவரைப் பார்த்தார். வாயைத் திறந்தார். மூடினார். பீடி ஒன்றை எடுத்துக் கையிலேயே உருட்டினார்.

"இவளுக்கு ஒரே அண்ணன்," என்றார். குரல் தணிந்திருந்தது. "மேலத்தொழுல இருந்தாரு. அந்தா தெரியுதுல்ல, பனைக்கு அந்தப் பக்கம். இவள வளத்ததே அவருதான். மார்கழிக் கடைசில செத்துப் போனாரு."

குலசேகரன் பனைப் பக்கம் திரும்பினார்.

"கொட்டுச் சத்தம் இங்க வரைக்கும் கேட்டுச்சு. ஆளு மேல ஆளு வந்து கூப்டாங்க. ஆத்தா இருக்கிற வீட்லருந்து எழவு வீட்டுக்குப் போகக் கூடாதுல்ல? பூசாரியே வந்து சொன்னாரு. 'எவனோ வழிப்போக்கன், அவனே போய்ட்டான், வேப்பிலைய எடுத்துப் போட்டுட்டு அண்ணன் மொகத்தப் பாத்துட்டு வாம்மா'ன்னாரு. நானும் கால்ல விழாத கொறையாச் சொன்னேன்."

"அவங்க?"

"'அவரு செத்துட்டாரு, இவரு இன்னும் வழியில இருக்காரு'ன்னா."

ஒரு காகம் அண்டாவின் விளிம்பில் வந்து உட்கார்ந்தது. இருவரும் அதை விரட்டவில்லை.

"அழவும் இல்லய்யா," என்றார் வைரவன். "ஆத்தா இருக்கிற வீட்ல அழக் கூடாதுல்ல. அந்தக் கொட்டுச் சத்தம் நிக்கிற வரைக்கும் அந்த வெறும் பாய்க்குப் பக்கத்துல உக்காந்து விசிறிக்கிட்டே இருந்தா. அத என் கண்ணால பாத்தேன்." அவர் பீடியைக் கீழே போட்டார். "ஒன்னயத் திட்டணும்னு எத்தன நாளா வார்த்தைய அடுக்கி வெச்சிருந்தேன் தெரியுமா? ஒன் மூஞ்சியப் பாத்தா ஒண்ணும் வர மாட்டேங்குது. போ. போய் ஈரத் துணிய மாத்து."

அப்போது அடுப்படியில் எண்ணெய் காயும் வாசனை வந்தது. கடுகு வெடித்தது. கறிவேப்பிலை சடசடத்தது. ஒரு மாதமாகத் தாளிப்பு அறியாத அந்த வீடு முழுவதும் நெடி பரவியது.

அதைத் தொடர்ந்து ஒரு சத்தம் கேட்டது.

குலசேகரன் முதலில் அதை ஏதோ பாத்திரம் உருண்ட சத்தம் என்று நினைத்தார். பிறகு அது சுருளியம்மாவின் குரல் என்று தெரிந்தது.

"அண்ணே... என்னப் பெத்த அண்ணே..."

வைரவன் எழுந்து உள்ளே ஓடினார். கரண்டி கீழே விழுந்தது. அழுகை சுவரில் மோதி, வாசலுக்கு வந்து, சாலை வரைக்கும் போயிற்று. பாலத்தில் இருந்த ஆட்டுக்காரர் எழுந்து நின்று இந்தப் பக்கம் பார்த்தார். பக்கத்து வீடுகளிலிருந்து பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு ஓடி வந்தார்கள். இவ்வளவு நாள் அந்த வாசலை மிதிக்காதவர்கள் ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். உள்ளே போனதும் அவர்களும் அழுதார்கள்.

குலசேகரன் முற்றத்திலேயே நின்றார். தலைமுடியிலிருந்து மஞ்சள் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அந்த அதிகாலை அவருக்கு ஞாபகம் வந்தது. கதவுக்குப் பக்கத்தில் சுருளியம்மா தரையில் படுத்திருந்தார். அவர் காலைத் தாண்டித்தான் குலசேகரன் வெளியே வந்தார். தாண்டும்போது, பற்றை அறுப்பது இவ்வளவு சுலபமா என்று நினைத்து மனதுக்குள் வியந்திருந்தார். பாதை முழுவதும் அதே வியப்போடு நடந்து வந்தார்.

வெகுநேரம் கழித்து வேணியம்மா பக்கத்தில் வந்து நின்றார். கையில் ஒரு கிண்ணம். அதில் தாளித்த ரசம்.

"குடிங்க. அந்தம்மா உங்களுக்குத்தான் முதல்ல ஊத்தச் சொன்னாங்க."

"அழுதுகிட்டிருக்காங்களே."

"அழுதுகிட்டேதான் சொன்னாங்க."

அவர் குடித்தார். தொண்டை சுட்டது.

சாலைத் திருப்பத்தில் பேருந்தின் ஹாரன் கேட்டது. குலசேகரன் கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார். முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அம்மா, மலைக்குத் திரும்பலாமா? அடுத்த தைப் பௌர்ணமி வரைக்கும் என்ன செய்யணும்னு சொல்லுங்க. எதுவானாலும் செய்யறேன்."

வேணியம்மா உள்ளேயிருந்து வந்த அழுகையைக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு தலைப்பில் மீதியிருந்த காசு முடிச்சை அவிழ்த்து அவர் உள்ளங்கையில் வைத்தார்.

"மூணு வருஷமா," என்றார், "கோமளா அழுதிருப்பாங்களா?"